ஒரு கரண்டி என்பது எத்தனை கிராம்?

250 கிராம் வெந்தயம், 100 கிராம் ஓமம், 50 கிராம் கருஞ்சீரகம். இந்த மூன்று எண்களையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவர் தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் இருப்பார். வெறும் வாணலியில் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, மிக்சியில் திரித்து, கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்துக்கொண்டு, இரவு படுக்கப் போகுமுன் ஒரு கரண்டி பொடியை வெந்நீரில் கலந்து குடித்துவந்தால் சர்க்கரை, கொழுப்பு, தொப்பை மூன்றும் ஒருசேரக் குறையும் என்று சொல்லும் செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரை கீழமாசி வீதியில் சாமான் வாங்கிவந்து இந்தப் பொடியை அரைத்தேன். அரைத்ததில் பாதியை என் அத்தைக்குக் கொடுத்தேன். அந்தப் பாதிப் பொடியால் நேர்ந்ததையும், அதன் பிறகு இந்தச் சாமான்களைப் பற்றி நான் தேடிப் படித்ததையும் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் பொடி அரைக்கக் காரணம் என்னுடைய இரத்தப் பரிசோதனை அறிக்கை. அப்போது எனக்கு 46 வயது. இடுப்புச் சுற்றளவு 97 சென்டிமீட்டர், இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 218, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 36, இரத்த அழுத்தம் 136/88, வெறும் வயிற்றுச் சர்க்கரை 109. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்துகிற எண்ணாகத் தெரியவில்லை. ஆனால் மருத்துவர் ஐந்தையும் பேனாவால் வட்டமிட்டு, "இந்த அஞ்சுல மூணு இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு சொல்லுவோம், உங்களுக்கு அஞ்சுமே இருக்கு" என்றார். வளர்சிதை மாற்ற நோய்க்குறித் தொகுப்பு என்று தமிழில் எழுதப்படும் இதை, 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் ஓர் உரையில் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்ற பெயரில் விளக்கினார். இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாகக் கீழ்ப்படியாத நிலைதான் இவற்றுக்கெல்லாம் வேர் என்பது அவருடைய கருத்து. இன்று வழக்கில் உள்ள வரையறை 2009இல் பல மருத்துவ அமைப்புகள் கூடி ஒப்புக்கொண்டது. அதன்படி ட்ரைகிளிசரைடு 150, இரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 ஆகியவற்றைத் தொட்டாலே கணக்கில் சேரும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 என்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது. இடுப்பளவுக்கு மட்டும் இனத்துக்கேற்ற எல்லை உண்டு. தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. நம்முடைய உடல்வாகில் கைகால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிப் படிந்துவிடுவதால் நமக்கு இந்த எல்லை தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான 'இண்டியாப்' (INDIAB) என்ற ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமனும் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருக்கின்றன.

மாத்திரை இப்போது வேண்டாம், ஆறு மாதம் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதும் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். மாத்திரை இல்லை என்றதும் அந்த இடத்தில் ஏதாவது ஒன்றை வைக்க மனம் தேடுகிறது. அப்படித்தான் பொடி வந்தது.

முதலில் வெந்தயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மூன்றில் அதிகம் ஆராயப்பட்டதும் என் பார்வையில் அதிக மரியாதைக்குரியதும் அதுதான். ஒரு கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் விரலால் தொட்டுப் பார்த்தால் வழவழவென்று நூல் போல இழுபடும். அந்த வழவழப்பு கேலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. விதையின் எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்துதான். இரைப்பையிலும் குடலிலும் சோற்றோடு கலந்து இது கூழாகிவிடும்போது, மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாக இரத்தத்தில் ஏறும் வேகம் குறைகிறது. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர்.டி. சர்மாவும் உடன் பணியாற்றியவர்களும் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளொன்றுக்கு 100 கிராம், இரண்டு பங்காக உணவோடு, பத்து நாள் கொடுத்தார்கள்; சிறுநீரில் வெளியேறிய சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. நூறு கிராம் வெந்தயத்தை யாரும் நாள்தோறும் தின்ன முடியாது. அதனால் 2015இல் வெளியான இன்னொரு இந்திய ஆய்வு நமக்கு நெருக்கமானது: நீரிழிவின் வாசலில் நிற்கும் 140 பேரில் ஒரு பிரிவினர் வேளைக்கு 5 கிராம் வீதம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன், மூன்று ஆண்டுகள் வெந்தயப் பொடி எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளாத பிரிவினருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்குமேல் இருந்தது. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் நம் சமையலறைக்குள் அடங்கும் அளவில் செய்யப்பட்டது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

கருஞ்சீரகத்துக்கு வருவோம். சவூதி அரேபியாவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 94 பேரிடம் நாளொன்றுக்கு 1, 2, 3 கிராம் என்று மூன்று அளவுகளில் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள்; 2010இல் வெளியான அந்த ஆய்வில் 2 கிராம் எடுத்துக்கொண்டவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி குறைந்தது. ஓமம் வயிற்றுப் பொருமலுக்கு நல்லது என்று சேர்க்கப்படுவது.

இப்போது அந்தப் பொடிக்குக் கணக்குப் போடலாம். நான் வீட்டில் எண்முறைத் தராசை வைத்து நிறுத்துப் பார்த்தேன். தலை தட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடி 3 கிராம். 400 கிராம் கலவையில் 250 வெந்தயம் என்றால் என் கரண்டியில் இருந்த வெந்தயம் 1.9 கிராம், கருஞ்சீரகம் 0.4 கிராம்கூட இல்லை. ஆய்வில் கொடுத்த வெந்தயத்தில் ஐந்தில் ஒரு பங்கும், கருஞ்சீரகத்தில் ஐந்தில் ஒரு பங்கும்தான் நான் குடித்தது. அதையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது குடித்தேன். சோற்றோடு கலந்து கூழாக வேண்டிய நார்ச்சத்து, சோறு இரைப்பையைத் தாண்டிப் போன பிறகு உள்ளே போய் என்ன செய்யும்? மூன்று மாதம் விடாமல் குடித்தும் என் எண்களில் மாற்றம் இல்லாததற்கு இதுவே போதுமான காரணம்.

அத்தையின் கதை வேறு. அத்தைக்கு அப்போது 67 வயது. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் சாப்பிட்டுவந்தார். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. நான் கொடுத்த பொடி தீர்ந்ததும் அவரே திரும்ப அரைத்துக்கொண்டார். நல்லது என்றால் கூடுதலாகவே எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். காலையும் இரவும், சாப்பாட்டுக்கு முன்னால், சாம்பார்ப் பொடி டப்பாவில் கிடக்கும் குழிந்த கரண்டியால் கூம்பாக அள்ளி, மோரில் கலக்கிக் குடித்திருக்கிறார்.

ஐப்பசி மாதம், கந்த சஷ்டி விரத நாள்களில் ஒன்று. இரவு இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுப் படுத்தவர் மூன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வாரம் நான் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். விளக்கைப் போட்டபோது அவருடைய ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. அறை முழுக்க வெந்தய வாசனை. வெந்தயத்தில் உள்ள சோட்டலோன் என்ற மணப்பொருள் வியர்வையிலும் சிறுநீரிலும் அப்படியே வெளிவரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. "யாருப்பா வந்திருக்கது?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். நாக்கு குழறியது. விரல் நுனியில் குத்தி எடுத்துப் பார்த்தால் குளுக்கோமீட்டரில் 48. விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து 81. பிறகு ரொட்டித் துண்டும் பாலும் கொடுத்து, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பெயர் சொல்லி அழைக்கும்வரை எனக்கு உயிர் உயிராக இல்லை.

மறுநாள் அந்தக் குழிந்த கரண்டியை எடுத்துக் கூம்பாக அள்ளி நிறுத்தேன். 11 கிராம். இரண்டு வேளைக்கு 22 கிராம். அதில் வெந்தயம் கிட்டத்தட்ட 14 கிராம், கருஞ்சீரகம் 2.75 கிராம். அதாவது ஆய்வுகளில் மருந்தாகக் கருதிக் கண்காணிப்போடு கொடுத்துப் பலன் கண்ட 10 கிராம் வெந்தயம், 2 கிராம் கருஞ்சீரகம் என்ற அளவுகளைத் தாண்டி, கிளிமிபிரைடும் உள்ளே இருக்க, விரதமும் சேர்ந்த உடம்பில் அது இறங்கியிருக்கிறது. பொடி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு இட்லியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டதே பாதிக் காரணமாக இருக்கலாம். ஆனால் பொடியைப் பற்றி அவருடைய மருத்துவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பதற்கு நான் பொறுப்பு. கொடுத்தவன் நான். "டாக்டர்ட்ட சொல்லீருங்க அத்தை" என்று ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். எனக்கே அது மருந்து என்று தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் கடைகளில் புட்டியில் அடைத்து விற்கும் காப்ஸ்யூல்களின் பக்கம் என் கவனம் போனது. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தூரத்தை மஞ்சளை வைத்துச் சொல்கிறேன். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் மஞ்சள் தூளில் ஏறக்குறைய 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூளில் 90 மில்லிகிராம் இருக்கலாம். அதையும் நாம் ஒரு குடும்பத்துக்கான குழம்பில் போடுகிறோம். 95 சதவீதச் சாறு என்று போட்டிருக்கும் 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் இரண்டை விழுங்கினால் 950 மில்லிகிராம். அது 30 கிராமுக்கு மேற்பட்ட மஞ்சள் தூளுக்குச் சமம். குர்குமின் எளிதில் குடலைத் தாண்டி இரத்தத்தில் ஏறாது என்பது அதன் இயல்பு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் ஏறும் அளவு இருபது மடங்கு கூடியது. இன்று விற்கும் குர்குமின் காப்ஸ்யூல்கள் பலவற்றில் மிளகுச் சாறு இருப்பதற்கு அந்த ஆய்வே மூலம்.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. தாய்லாந்தில் நீரிழிவின் வாசலில் இருந்த 240 பேரிடம் ஒன்பது மாதம் நடந்து, 2012இல் வெளியான ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. குர்குமின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் அமெரிக்காவில் மருந்துகளால் கல்லீரல் கெடுவதைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஆய்வுக் குழு, 2004க்கும் 2022க்கும் இடையில் மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை அடையாளம் கண்டது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்குக் கல்லீரலில் ஏற்கனவே கொழுப்பு படிந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இது சிறிய செய்தியாகப் படவில்லை. குர்குமினை இரத்தத்தில் ஏற்றிவிடுகிற அதே பைப்பரின், வேறு மருந்துகளையும் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கக்கூடியது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் இரண்டும் இரத்தத்தில் கூடுவது மனிதர்களிடமே காணப்பட்டிருக்கிறது. ரசத்தில் நாம் போடும் மிளகைப் பற்றி இங்கே பேச்சில்லை; சாறாக்கிச் செறிவூட்டிய பொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

பட்டை விஷயத்தில் அளவோடு ஆளும் மாறிவிடுகிறது. நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா. தடித்து, மரத்துண்டு போல, ஒற்றை அடுக்காக இரு ஓரமும் உள்நோக்கி வளைந்திருக்கும், கையால் ஒடிக்கச் சிரமம். இலங்கையில் கறுவா என்று சொல்லும் உண்மையான இலவங்கப்பட்டை, காகிதம் போல மெல்லிய பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டு மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். சுருள் பட்டை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், விலை அதிகம். பட்டையின் பெயரை உலகெங்கும் சர்க்கரை நோயோடு சேர்த்தது 2003இல் வெளியான ஒரு பாகிஸ்தான் ஆய்வு. 60 பேர், நாளொன்றுக்கு 1 முதல் 6 கிராம் காசியா, 40 நாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம்வரை குறைந்தது, ட்ரைகிளிசரைடும் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதைத் தொடர்ந்து உறுதிசெய்யவில்லை. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளையும் 577 பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. இதனிடையே காசியாவில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது அளவு கூடினால் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் எடுக்கத்தக்க காசியாவின் எல்லையை 2 கிராம் என்று கணக்கிட்டிருக்கிறது. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகச் சொற்பம். பாகிஸ்தான் ஆய்வைப் படித்துவிட்டு 6 கிராம் பட்டைத் தூளை மாதக்கணக்கில் விழுங்குகிற ஒருவர், எந்தப் பட்டை என்றே கேட்காமல் விழுங்குகிறார் என்பதுதான் என் கவலை.

இன்னொன்று, அதிமதுரம். தொண்டைக்கு இதமானது என்று பல கலவைகளில் அதையும் சேர்க்கிறார்கள். அதில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்த அழுத்தம் உள்ளவர் கலவைப் பொடி வாங்கும்போது இந்த ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

சிறுகுறிஞ்சான் மசாலா இல்லை என்றாலும் அதை விட்டுவிட மனம் வரவில்லை. அதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டது போல இருக்கும். இனிப்பு நாக்கில் ஏறாது. 1990இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதன் சாற்றை 22 நீரிழிவு நோயாளிகளுக்கு, வழக்கமான மாத்திரையோடு சேர்த்து, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை ஆண்டுக்குமேல் கொடுத்தார்கள். ஐந்து பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. நம் ஊரில் தொடங்கிய வேலை. நூற்றுக்கணக்கானோரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு அதை முறையாக வளர்த்தெடுத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

மூலிகை மருந்தாக முடியாது என்று யாராவது சொன்னால் நான் மெட்ஃபார்மினைக் காட்டுவேன். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி, நம் வெந்தயத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் உள்ள கலேகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேதிப்பொருள்களைத் தேடிச் செய்த வேலையின் வழியே மெட்ஃபார்மின் பிறந்தது. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார். அத்தை பொடியை நம்பி மாத்திரையைப் பகையாகப் பார்த்த நாள்களில் எனக்கு இது தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

மருந்து எது, மருந்து அல்லாதது எது என்ற பிரிவினையைச் சட்டம் தெளிவாகவே வைத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது குற்றம். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இத்தகைய காப்ஸ்யூல் புட்டிகளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இருக்க வேண்டும். புட்டியைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும்.

இவ்வளவும் படித்த பிறகு என் மனம் திரும்பிப் போனது சமையலுக்குத்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 71 பேருக்கு நாளொன்றுக்கு 0.5, 3.3, 6.6 கிராம் என்று மூன்று அளவுகளில் மசாலாவும் மூலிகையும் கலந்த சாப்பாட்டை மாற்றி மாற்றி நான்கு வாரம் வீதம் கொடுத்தார்கள். 6.6 கிராம் சாப்பிட்ட காலத்தில் 24 மணி நேர இரத்த அழுத்தம் சற்றுக் குறைந்தது, கெட்ட கொழுப்பு குறையவில்லை. 6.6 கிராம் என்பது தேக்கரண்டிக் கணக்கில் இரண்டே கால் கரண்டி. சாம்பாரும் ரசமும் பொரியலும் உள்ள வீட்டுக்கு எட்டாத அளவு இல்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வையும் நான் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேர், மூன்று ஆண்டுகளில், ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, நடையும் உணவும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான்.

நான் பொடியை நிறுத்திவிட்டேன். வெந்தயத்தை நிறுத்தவில்லை. ஊறவைத்து அரைத்து 5 கிராம், மதியச் சாப்பாட்டுக்கு முன் மோரில் ஒருமுறை, இரவு ஒருமுறை. சோற்றைப் பாதியாக்கினேன், காலையில் வைகை ஓரமாக நாற்பது நிமிடம் நடக்கிறேன். எட்டு மாதம் கழித்து எடுத்த அறிக்கையில் இடுப்பு 93, ட்ரைகிளிசரைடு 158, எச்.டி.எல். 39, அழுத்தம் 126/80, சர்க்கரை 101. எது எதனால் குறைந்தது என்று பிரிக்க வழியில்லை. ஐந்தில் ஒன்றுதான் வட்டத்தைவிட்டு வெளியே வந்திருக்கிறது.

அத்தையின் மருத்துவரிடம் நான் கூடப் போனேன். ஒரு துண்டுச் சீட்டில் பொடியில் என்னென்ன, எத்தனை கிராம், எந்த வேளை என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, கிளிமிபிரைடை 1 மில்லிகிராமாகக் குறைத்தார், விரத நாளில் அதைப் போட வேண்டாம் என்றார், வெந்தயத்தைச் சாப்பாட்டோடு ஒரு தேக்கரண்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு அந்தச் சீட்டை அத்தையின் கோப்பிலேயே, மாத்திரைச் சீட்டுக்கு மேலே வைத்துப் பின் குத்தினார். அத்தை வீட்டுக்கு வந்ததும் குழிந்த கரண்டியைச் சாம்பார்ப் பொடி டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டு, "அந்தச் சின்னக் கரண்டி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார்.